போஸ்ட்-பேக் முடித்து மருத்துவக் கல்லூரிக்குப் போகிறீர்களா? ஸ்காலர்ஷிப் கணக்கை முதலிலேயே போடுங்கள்

அமெரிக்காவில் இளங்கலை முடித்து, சில ஆண்டுகள் வேறு வேலை பார்த்துவிட்டு, போஸ்ட்-பேக் (இளங்கலைக்குப் பின் மருத்துவக் கல்லூரிக்குத் தயாராகப் படிக்கும் திட்டம்) வழியாக மருத்துவத்துக்கு வருகிறவர்கள் எங்களிடம் தவறாமல் கேட்பது ஒன்று உண்டு: "எங்களுக்கெல்லாம் மெரிட் ஸ்காலர்ஷிப் தருவார்களா?" தருவார்கள். போஸ்ட்-பேக் படித்ததற்காக யாரையும் ஒதுக்குவதில்லை. ஆனால் இடம் கொடுக்கும்போது ஒரு கல்லூரி பார்ப்பது வேறு, பணம் கொடுக்கும்போது பார்ப்பது வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் விண்ணப்பித்துப் பெரும் தொகையை இழப்பவர்கள் நிறைய.

போஸ்ட்-பேக் மாணவர்கள் இரண்டு வகை. வரலாறோ பொருளாதாரமோ நன்றாகப் படித்து, அறிவியல் பாடங்களை மட்டும் இப்போது புதிதாக எடுப்பவர்கள் ஒரு வகை. பிரின் மார், கவுச்சர், ஸ்க்ரிப்ஸ் போன்ற இடங்களின் திட்டங்கள் இவர்களுக்கானவை. பழைய ஜிபிஏ (4.0க்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்) 3.8, எம்கேட் (மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வு) 517 என்று இருந்தால், நேராகக் கல்லூரியிலிருந்து வரும் மாணவருக்கு உள்ள வாய்ப்பு இவர்களுக்கும் உண்டு.

இரண்டாம் வகை, குறைந்த மதிப்பெண்ணைச் சரிசெய்ய வருகிறவர்கள். இவர்கள் கணக்கைக் கண்ணால் பார்க்க வேண்டும். 120 கிரெடிட்டில் 3.1 இருக்கிறது, போஸ்ட்-பேக்கில் 30 கிரெடிட் எடுத்து எல்லாவற்றிலும் 4.0 வாங்குகிறீர்கள். மொத்த ஜிபிஏ 3.28 ஆகும், அவ்வளவுதான். 60 கிரெடிட் எடுத்தாலும் 3.40. மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பச் சேவையான ஆம்காஸ் பழைய கிரேடை அழிப்பதில்லை. ஒரே பாடத்தைத் திரும்ப எடுத்தால் இரண்டும் கணக்கில் சேரும். அறிவியல் ஜிபிஏ கொஞ்சம் வேகமாக நகரும்: 40 கிரெடிட்டில் 2.9 வைத்திருந்தவர் அதே 30 கிரெடிட்டால் 3.37க்கு வருவார். ஸ்பெஷல் மாஸ்டர்ஸ் (மருத்துவத்துக்குத் தயாராகும் முதுகலைப் படிப்பு) எடுத்தால் அந்த மதிப்பெண் முதுகலைக் கணக்கில் தனியாக நிற்கும். இளங்கலை ஜிபிஏவை ஒரு புள்ளிகூட உயர்த்தாது. ஏறுமுகமான மதிப்பெண்ணைப் பார்த்து நேர்காணலுக்கு அழைப்பார்கள், இடமும் கொடுப்பார்கள். மெரிட் பணம் பெரும்பாலும், வேறு நல்ல கல்லூரிக்குப் போய்விடக்கூடியவரைத் தன் பக்கம் இழுக்கத் தரப்படுவது. 3.28 வைத்திருப்பவருக்கு அந்த இழுப்பு குறைவு என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுவது நல்லது.

அதனால் கல்லூரிப் பட்டியல் போடும் விதம் முக்கியம். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கமான ஏஏஎம்சி நடத்தும் எம்எஸ்ஏஆர் என்ற கல்லூரித் தகவல் தளத்தில் ஒவ்வொரு கல்லூரியிலும் இடம் பெற்றவர்களின் ஜிபிஏவும் எம்கேட்டும் சதமான வரிசையில் இருக்கும். உங்கள் எண்கள் 75ஆம் சதமானத்துக்கு மேலே நிற்கும் நான்கைந்து கல்லூரிகளாவது பட்டியலில் இருக்கட்டும். பேரம் பேச இடம் கிடைப்பது அங்கேதான். பெயர் பெற்ற கல்லூரிகளை மட்டும் நிரப்பினால் பணம் வராது: ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி மெரிட் உதவியே தருவதில்லை, குடும்பத் தேவையைத்தான் பார்க்கிறது. மறுபுறம், என்ஒய்யூ கிராஸ்மேனில் 2018 முதலும் ஐன்ஸ்டைனில் 2024 முதலும் எல்லா மாணவருக்கும் ட்யூஷன் இலவசம். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் 2024 முதல், ஆண்டு வருமானம் 3,00,000 டாலருக்குக் கீழே உள்ள குடும்பங்களுக்கு அதே சலுகை. யூசிஎல்ஏவின் கெஃபன் ஸ்காலர்ஷிப் மெரிட் அடிப்படையில் தரப்படுகிறது.

தேவை அடிப்படையிலான உதவியில் போஸ்ட்-பேக்காரர்கள் எதிர்பாராமல் மாட்டும் இடம் ஒன்று உண்டு. கூட்டாட்சி நிதி உதவிக்கான விண்ணப்பமான ஃபாஃப்சா உங்களைப் பெற்றோரைச் சாராத தனி நபராகக் கருதும். ஆனால் கல்லூரியின் சொந்தப் பணத்துக்குப் பல இடங்களில் பெற்றோரின் வருமானமும் சொத்தும் கேட்பார்கள். 32 வயதாகி, திருமணமாகி, குழந்தை இருந்தாலும் கேட்பார்கள். பெற்றோர் விவரம் தர மறுத்தால் அந்த வரிசையிலிருந்தே வெளியேறிவிடுவீர்கள். முன்கூட்டியே வீட்டில் பேசிவிடுங்கள்.

லிங்கேஜ் பற்றிக் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும். போஸ்ட்-பேக் படிக்கும்போதே ஒரு மருத்துவக் கல்லூரியோடு இணைந்து, இடையில் ஓராண்டு காத்திருக்காமல் சேர்ந்துவிடலாம். பதிலுக்கு, இடம் கிடைத்தால் அங்கேதான் சேர்வேன் என்று வாக்குக் கொடுக்கிறீர்கள். வேறு கல்லூரியின் தொகையைக் காட்டிக் கேட்கும் வழி அதோடு மூடிவிடும். 36 வயதில் படிக்க வருபவருக்கு ஓராண்டு மிச்சமாவது, ஒரு மருத்துவரின் முழு ஆண்டுச் சம்பளத்துக்குச் சமம். அவருக்கு லிங்கேஜ் சரி. 25 வயதில் வலுவான எம்கேட் எதிர்பார்ப்பவர் அவசரப்பட வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

இப்போது இது இன்னும் கனமான முடிவு. 2025 ஜூலையில் வந்த சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு கிராட் ப்ளஸ் கடன் (மேற்படிப்பு மாணவருக்கு முழுச் செலவு வரை அரசு தந்த கடன்) இல்லை. மருத்துவ மாணவருக்கான கூட்டாட்சிக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலரோடு நிற்கும். பல தனியார் கல்லூரிகளில் வாழ்க்கைச் செலவும் சேர்ந்து ஆண்டுக்கு 90,000 டாலரைத் தாண்டுகிறது. மிச்சத்தைத் தனியார் கடனில் எடுக்க வேண்டியிருக்கும். எச்-4 விசாவில் (எச்-1பி ஊழியரின் குடும்பத்தாருக்கான விசா) வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தக் கூட்டாட்சிக் கடனும் கிடையாது. அவர்கள் பட்டியல் போடும் முன்பே, வெளிநாட்டு மாணவருக்கு உதவி தரும் கல்லூரி எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆம்காஸை ஜூன் தொடக்கத்திலேயே அனுப்புங்கள். சேர்க்கை வரிசையாக நடப்பதால், தாமதமாக நேர்காணல் பெறுபவருக்கு இடம் மிஞ்சலாம், பணம் மிஞ்சாது. பல கல்லூரிகள் தனி விண்ணப்பம் இல்லாமலே பரிசீலிக்கும். சில தனிக் கட்டுரை கேட்கும், அந்த மின்னஞ்சலைத் தவறவிடாதீர்கள்.

இரண்டு கல்லூரிகளின் தொகை கைக்கு வந்தபின், ஏப்ரல் 30க்குள் ஒரே இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன்பே நிதி உதவி அலுவலகத்துக்கு எழுதுங்கள். ஒரு பக்கம் போதும்: உங்கள் கல்லூரியில் சேரவே விருப்பம், இன்னொரு கல்லூரி தந்த கடிதம் இணைப்பில், நான்கு ஆண்டுக்கு வித்தியாசம் இவ்வளவு, மறுபரிசீலனை செய்ய முடியுமா. மிரட்டும் தொனி வேண்டாம். ஒப்பிடும்போது ஸ்காலர்ஷிப் தொகையைப் பார்க்காதீர்கள், அதைக் கழித்து உங்கள் கையிலிருந்து போகும் மொத்தத்தைப் பாருங்கள். 30,000 டாலர் தரும் கல்லூரியைவிட ஒன்றும் தராத சொந்த மாநில அரசுக் கல்லூரி மலிவாக இருப்பது சாதாரணம். தொகை நான்கு ஆண்டும் தானாகத் தொடருமா, எந்த மதிப்பெண் நிபந்தனையில் நிற்கும், ட்யூஷன் உயர்ந்தால் அதுவும் உயருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாழ்க்கைச் செலவுக்கென்று தரும் பகுதிக்கு அமெரிக்க வருமான வரி உண்டு; ட்யூஷன், கட்டணம், கட்டாயப் புத்தகங்களுக்கான பகுதிக்கு இல்லை.