கதை கொடுத்தால் நடை நிற்கிறதா?

நாற்பது வருடம் மட்டக்களப்பு வாவியில் தோணியில் நின்று வீச்சுவலை எறிந்த ஒருவரை, சென்ற வருடம் அவருடைய மகள் உடற்பயிற்சிச் சிகிச்சைக்காக என்னிடம் கூட்டிவந்தார். படுவான்கரைப் பக்கத்து ஆள், எழுபதைத் தாண்டியவர். துண்டில் முழங்கால் நோ என்று எழுதியிருந்தது. (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

முழங்காலைத் தொடுவதற்கு முன் ஆளை நடக்கவிட்டுப் பார்ப்பது என் வழக்கம். நடந்தார். பெரிய குறை எதுவும் தெரியவில்லை. பாதி வழியில், "ஐயா, இப்ப வாவியில இறால் படுதா?" என்று கேட்டேன். நின்றார். என் பக்கம் திரும்பி, "முந்தி மாதிரி இல்ல மகள்" என்றார். அதன் பிறகுதான் அடுத்த அடி வைத்தார். இன்னொரு கேள்வி கேட்டேன். மறுபடியும் நின்றார்.

அப்பா மரியாதைக்கு நிற்கிறார் என்று மகள் நினைத்தார். எனக்கு முழங்கால் மறந்துபோய்விட்டது.

1997இல் சுவீடனில் முதியோர் குடியிருப்பில் இருந்த 58 பேரிடம் இதையே பார்த்தார்கள். கூட நடந்தபடி கதை கொடுத்தபோது 12 பேர் நின்றுவிட்டார்கள். அடுத்த ஆறு மாதத்துக்குள் அந்த 12 பேரில் 10 பேர் விழுந்தார்கள்.

ஏன் நிற்க வேண்டும்? நாம் நிமிர்ந்து நிற்பதற்கு மூளைக்கு மூன்று இடங்களிலிருந்து தகவல் போகிறது: கண், உட்காது, அப்புறம் பாதமும் மூட்டுகளும். உட்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் அவற்றுக்குள் இருக்கும் திரவம் அசைந்து சேதி சொல்லும். பின்மண்டையில் இருக்கும் சிறுமூளை இவற்றையெல்லாம் கூட்டிக் கழித்து, நாம் அறியாமலே காலுக்குக் கட்டளை போடுகிறது. வயது போகப் போக மூன்றும் மங்கும். கண்ணில் வெள்ளை படரும். சீனி வருத்தம் இருந்தால் உள்ளங்கால் மரத்துப்போகும், செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தகவல் குறைந்ததும், அதுவரை தானாக நடந்த வேலையை மூளை கவனம் வைத்துச் செய்ய வேண்டியிருக்கிறது. அந்த நேரம் கேள்வி கேட்டால் இரண்டுக்கும் கவனம் போதாது. அவர் நின்றது அதனால்தான்.

உட்காதின் சேதி சிறுமூளையோடு முடிவதில்லை. ஞாபகத்துக்கும் வழி அறிவதற்கும் பொறுப்பான ஹிப்போகாம்பஸ் என்ற பகுதிவரை போகிறது. இரண்டு காதிலும் இந்தச் சமநிலை உறுப்பு முழுதாகச் செயலிழந்தவர்களுக்கு அந்தப் பகுதி சுருங்கியிருந்ததை 2005இல் ஜெர்மன் மருத்துவர்கள் படம் எடுத்துக் காட்டினார்கள்.

சரி, அந்த ஐயா வீட்டில் என்ன செய்கிறார்? மகளிடம் கேட்டேன். "ஒரு வேலையும் செய்ய விடுறல்ல மிஸ். விழுந்தா ஆரு பாக்கிற?" காலையில் கதிரையில் இருத்துவார்கள், தேத்தண்ணி கையில் வரும், சோறும் அங்கேயே வரும். மகன் வெளிநாட்டிலிருந்து போன் எடுத்து, அப்பாவை வெளியே விட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். பாசம்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்த மாவட்டத்தில் நான் அதிகம் சண்டை போடுவது இந்தப் பாசத்தோடுதான். தோணி ஆட ஆட நின்ற மனிதரைக் கதிரையில் இருத்தினால், மூளைக்குச் சேதி அனுப்பும் மூன்று இடங்களுக்கும் வேலை இல்லாமல் போகிறது. கால் தசை கரையும், பயம் கூடும், அதனால் இன்னும் குறைவாக நடப்பார். கடைசியில் கதிரையிலிருந்து எழும்பும்போதே விழுவார்.

ஒற்றைக் காலில் நிற்கும் சோதனையைப் பலர் கைபேசியில் பார்த்துவிட்டு, மறதி நோயோ என்று பயந்து வருகிறார்கள். 2014இல் ஜப்பானின் கியோட்டோவில், சராசரி வயது 67 கொண்ட 1,387 பேரை நிற்க வைத்தார்கள். இருபது விநாடி நிற்க முடியாதவர்களின் மூளையில், வெளியே அறிகுறி காட்டாத சிறு அடைப்புகளும் நுண்ணிய இரத்தக் கசிவுகளும் கூடுதலாக இருந்தன. அப்படிச் சிறு நாளங்களைப் பழுதாக்குவது பெரும்பாலும் உயர் பிரஷரும் சீனியும். குளிசையை ஒழுங்காகப் போடச் சொல்வதும் ஒருவகையில் சமநிலைப் பயிற்சிதான். 2022இல் பிரேசிலிலிருந்து வந்த ஆய்வில், 71 முதல் 75 வயதுவரை இருந்தவர்களில் பாதிக்கு மேல் பத்து விநாடிகூட நிற்கவில்லை. ஆகவே நிற்க முடியாவிட்டால் மறதி நோய் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. போய்க் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டில் செய்ய நான் சொல்வது மிகச் சாதாரணமானவை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் ஓர் ஆளோடு, ஒரு காலைத் தூக்கி நிற்பது. நாள் போகப் போக இரண்டு கையை ஒரு கையாக்கி, பிறகு இரண்டு விரலாக்குவது. அப்புறம் வயல் வரம்பில் நடப்பதுபோல, ஒரு பாதத்தின் குதி மற்றதன் விரலைத் தொட, சுவரோரமாக நடப்பது. அது பழகியதும் தலைக்கும் வேலை கொடுப்பேன். கல்முனை பஸ் போகும் ஊர்களைச் சொல்லியபடி நடக்க வேண்டும்: கல்லடி, நாவற்குடா, காத்தான்குடி, ஆரையம்பதி. களுவாஞ்சிக்குடிவரை போய் அங்கிருந்து திரும்பி வர வேண்டும். திரும்பி வரும்போதுதான் எல்லோரும் தடுமாறுவார்கள். சிரிப்பும் அங்கேதான் வரும்.

கூத்துப் பழக்கும் பழைய அண்ணாவியார்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். வடமோடிக் கூத்தில் ஆடுகிறவர் தாளத்துக்கு மிதித்து, சுழன்று, கூடவே பாட்டையும் எடுக்க வேண்டும். காலுக்கும் தலைக்கும் ஒரே நேரத்தில் வேலை. ஜெர்மனியில் 2017இல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வில், முதியவர்களில் ஒரு பகுதியினரைப் பதினெட்டு மாதம் புதுப்புது நடனங்கள் பழகவிட்டு, மற்றவர்களுக்கு வழக்கமான உடற்பயிற்சி கொடுத்தார்கள். இரு பக்கத்தாருக்கும் ஹிப்போகாம்பஸ் வளர்ச்சி காட்டியது. சமநிலை தேறியது ஆடியவர்களுக்கு மட்டும். எழுபது வயதில் கூத்துக் களரி ஏறச் சொல்லவில்லை. பழகிய நாலு மிதியை முற்றத்தில் மெதுவாக மிதிக்கலாம். பெண்கள் கும்மி அடிக்கலாம்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். தள்ளாட்டம் திடீரென வந்தால், கூடவே வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு கை சோர்ந்தாலோ, எண்ணெய் தேய்த்துப் பார்க்க நேரமில்லை. உடனே ஆஸ்பத்திரி. மெதுவாக வரும் தள்ளாட்டத்துக்கு, போடும் குளிசைகளை எல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள். நித்திரைக் குளிசையும், எழும்பும்போது பிரஷரை இறக்கிவிடும் குளிசையும் பலரை விழுத்துகின்றன.

அந்த ஐயா மூன்று மாதம் வந்தார். கடைசியாக வந்த அன்று கிரான்குளத்திலிருந்து திரும்பி ஆரையம்பதிவரை நிற்காமல் சொல்லிக்கொண்டு நடந்தார். பிறகு கேட்டார், "தோணியில ஏறலாமா மகள்?" பேரன் கம்பு ஊன்ற, நீங்கள் இருந்துகொண்டு போங்கள் என்றேன். "இருந்துகொண்டு வலை எறியுறதோ?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். மடித்த பாயின் மேல் நிற்கும் பயிற்சியை அடுத்த மாதம் பார்ப்போம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.