நொச்சியின் நெடியும் கொசுவின் உணர்கொம்பும்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிய வாரத்தில் வாசகி ஒருவரிடமிருந்து வந்த கடிதத்தில் மூன்று கேள்விகள் இருந்தன. வாசலில் நொச்சித் தொட்டிகளை வைத்தால் கொசு வராமல் இருக்குமா, தேங்காய் எண்ணெயில் லெமன்கிராஸ் தைலம் சேர்த்து வீட்டிலேயே செய்யும் சோப்பு கொசுவை விரட்டுமா, பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளுக்குக் கடையில் விற்கும் கொசு விரட்டிக் களிம்பைப் பூசுவதைவிட இவை நல்லவையா என்று அவர் கேட்டிருந்தார். இவை மூன்றுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. வாசனை என்பது கொசுவின் உடலில் எங்கே போய்த் தொடுகிறது, எவ்வளவு நேரம் அங்கே தங்குகிறது என்பதைப் புரிந்துகொண்டால், எந்த வீட்டு மருந்தை நம்பலாம், எதை எவ்வளவு நேரத்துக்கு நம்பலாம் என்று நாமே கணக்கிட்டுவிட முடியும்.

பெண் கொசு மட்டுமே கடிக்கிறது என்பதும், முட்டைகள் வளரத் தேவையான புரதத்துக்காகவே அது இரத்தத்தைத் தேடுகிறது என்பதும் பள்ளிப் பாடத்திலேயே உண்டு. அது நம்மைக் கண்டுபிடிக்கும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வெளிக்காற்றில் ஏறத்தாழ 0.04 விழுக்காடு இருக்கும் கரியமில வாயு நாம் விடும் மூச்சில் 4 விழுக்காடு இருக்கிறது. இந்த நூறு மடங்கு வேறுபாட்டைக் கொசு வாயருகே உள்ள உணர்நீட்சிகளால் அறிந்து, காற்று வரும் திசையை நோக்கித் திரும்புகிறது. நெருங்கி வந்த பிறகு வியர்வையில் உள்ள லாக்டிக் அமிலம், அம்மோனியா, தோலின் மேல் வாழும் பாக்டீரியாக்களால் உண்டாகும் கார்பாக்சிலிக் அமிலங்கள் ஆகியவற்றை உணர்கொம்புகளால் நுகர்கிறது. இறுதியில் உடற்சூடும் ஈரமும் வழிகாட்ட, தோலின் மேல் வந்து அமர்ந்து காலால் சுவைத்துப் பார்க்கிறது. ஒரே அறையில் இருவர் படுத்திருக்க, ஒருவரை மட்டும் கொசு பிடுங்குவதற்குக் காரணம் 'இனிப்பான இரத்தம்' என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. உண்மையில் கொசு தேர்ந்தெடுப்பது தோலின் வாசனையை. நியூயார்க்கின் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் லெஸ்லி வோஷாலின் குழு 2022இல் வெளியிட்ட ஆய்வில், கொசுவை அதிகம் ஈர்ப்பவர்களின் தோலில் கார்பாக்சிலிக் அமிலங்கள் மிகுதியாக இருந்தது தெரியவந்தது.

இந்தத் தேடலை ஒரு வாசனை எப்படித் தடுக்கும் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தடுக்கும் வழிகளில் இரண்டு முக்கியமானவை. இரண்டும் அடிப்படையிலேயே வேறானவை. முதலாவது, நம் வாசனையைக் கொசுவுக்கு எட்டாமல் செய்வது. 1946இல் அமெரிக்க இராணுவத்தின் தேவைக்காக உருவாக்கப்பட்டு இன்றும் மிகுதியாகப் பயன்படும் டீட் என்ற செயற்கைப் பொருளை எடுத்துக்கொள்வோம். மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் கொசுவின் நுகர்ச்சி நரம்புகளை ஒளிரச் செய்து பார்த்த ஓர் ஆய்வு 2019இல் வெளியானது. டீட்டின் ஆவி மட்டும் உணர்கொம்பில் பட்டபோது நரம்புகள் ஏறக்குறைய அசையவே இல்லை. அதனோடு கலந்திருந்த மற்ற வாசனைப் பொருள்கள் காற்றில் எழும் அளவு குறைந்ததால், அவற்றுக்கு வர வேண்டிய துடிப்புதான் மங்கியது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் கால் டீட் பூசிய தோலில் பட்டால் அது உடனே விலகிப் பறப்பதும் தனியாக நிறுவப்பட்டிருக்கிறது. அதே அனோபிலிஸ் ஆய்வில் லெமன்கிராஸ் எண்ணெயும் கிராம்பில் உள்ள யூஜினாலும் நரம்புகளை நேரடியாகத் தூண்டின. ஆக, நம் அடுக்களைப் பொருள்கள் நம்மை மறைப்பதில்லை. இரண்டாவது வழியில், கொசுவிடம் எதையோ உரக்கச் சொல்கின்றன.

சொல்லும் செய்தி என்ன என்பது கேட்மின்ட் எனப்படும் செடியை ஆராய்ந்தபோது தெளிவானது. துளசிக் குடும்பத்தைச் சேர்ந்த அந்தச் செடியின் நெப்பிடலாக்டோன் என்ற பொருள் பூனைகளை மயக்கும், கொசுக்களை விரட்டும் என்பது நெடுங்காலமாகத் தெரிந்த செய்தி. ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகமும் இணைந்து 2021இல் வெளியிட்ட ஆய்வு, அது கொசுவின் டிஆர்பிஏ-1 என்ற ஏற்பியைத் தூண்டுவதாகக் காட்டியது. ஏற்பி என்பது இங்கே, நரம்புச் செல்லின் சவ்வில் நான்கு புரதத் துண்டுகள் கூடி அமைத்திருக்கும் ஒரு நுண்துளை. எரிச்சலூட்டும் பொருள் வந்து தொட்டதும் துளை திறக்கிறது, கால்சியம், சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன, நரம்பு துடிக்கிறது. அந்தத் துடிப்பின் பொருள் 'எரிகிறது' என்பதே. இந்த ஏற்பியை நீக்கிய ஏடிஸ் கொசுக்கள் கேட்மின்ட்டைப் பொருட்படுத்தவே இல்லை.

இதே ஏற்பி நம் உடலிலும் இருக்கிறது. பச்சைக் கடுகை அரைக்கும்போது மூக்கில் ஏறிக் கண்ணில் நீர் வரவழைக்கும் நெடி, பூண்டைப் பச்சையாகக் கடித்தால் நாக்கில் உண்டாகும் எரிவு ஆகியவை டிஆர்பிஏ-1 வழியாகவே நமக்கு எட்டுகின்றன. பூச்சிகளுக்கும் மனிதருக்கும் பொதுவான மூதாதை ஏறத்தாழ 50 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தபோதே இந்த ஏற்பி இருந்திருக்க வேண்டும் என்று மரபணு ஒப்பீடுகள் காட்டுகின்றன. அவ்வளவு காலம் கடந்தும் கடுகும் பூண்டும் இரு கிளைகளையும் எரிக்கின்றன. நெப்பிடலாக்டோனோ பூச்சியின் ஏற்பியைத் திறக்கிறது, மனிதனின் ஏற்பியைத் திறப்பதில்லை. கொசுவுக்குத் தாங்க முடியாத எரிச்சலாக இருப்பது நமக்குப் புதினாவை ஒத்த மணமாக மட்டும் இருப்பதற்குக் காரணம் இதுதான். தைலப் புற்களில் உள்ள சிட்ரோனெல்லாலும் அனோபிலிஸ் கொசுவின் இதே ஏற்பியைத் தூண்டுகிறது. இன்னொன்றும் உண்டு. ஏடிஸ் கொசு நம் உடற்சூட்டை விரும்பி வந்தாலும், 50 பாகை செல்சியசுக்கு மேல் சூடான பரப்பை நெருங்குவதில்லை. அந்த எச்சரிக்கையையும் டிஆர்பிஏ-1தான் தருகிறது. அடுப்புச் சூட்டிலிருந்து தன்னைக் காக்கக் கொசு வைத்திருக்கும் மணியை, ஒரு செடி தன் இலையின் ஆவியால் அடித்துவிடுகிறது.

ஜப்பானின் இவாத்தே பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் அதே 2021இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு இன்னும் அழகு சேர்த்தது. பூனைகள் மயங்கிப் புரளும் மற்றொரு கொடியின் இலையில் நெப்பிடலாக்டோனுக்கு உறவான பொருள் உண்டு. அந்த இலையில் முகத்தைத் தேய்த்துக்கொண்ட பூனைகளின் மேல் ஏடிஸ் கொசுக்கள் குறைவாகவே அமர்ந்தன. பூனை இலையைக் கடித்துக் கசக்கும்போது ஆவி பன்மடங்கு பெருகுவதையும் அவர்கள் பின்னர் அளந்தார்கள். கசக்கும்போதுதான் பெருகுகிறது என்ற இந்தச் செய்தியை நொச்சித் தொட்டிக்காக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எரிச்சல் மணி அடிக்க வேண்டுமானால் பொருள் ஆவியாகிக் காற்றில் இருக்க வேண்டும். ஆவியாகும் பொருளோ தோலில் நிற்காது. தாவரத் தைலங்களின் வலிமையும் வலிமையின்மையும் ஒரே பண்பிலிருந்து பிறக்கின்றன. 2002இல் ஒரு புகழ்பெற்ற அமெரிக்க மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், 23.8 விழுக்காடு டீட் பூசிய கைகள் சராசரியாக 301.5 நிமிடங்கள் கடிபடாமல் இருந்தன. சிட்ரோனெல்லா என்ற தைலப் புல்லின் எண்ணெய் கொண்ட பூச்சுகளில் ஒன்றுகூட 20 நிமிடங்களைத் தொடவில்லை. கையில் கட்டும் வாசனைப் பட்டைகள் ஒரு நிமிடம்கூடக் காக்கவில்லை. அந்தப் பட்டைகளை இன்றும் நம் ஊர்க் கடைகளில் குழந்தைகளுக்கென்று விற்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இந்த முடிச்சை இயற்கையே ஓரிடத்தில் அவிழ்த்திருக்கிறது. எலுமிச்சை மணமுள்ள யூகலிப்டஸ் மரத்தின் தைலத்தில் பெரும்பகுதி சிட்ரோனெல்லால். அந்த மூலக்கூறு அமிலச் சூழலில் ஒரு நீர் மூலக்கூற்றை ஏற்று வளையமாக மடியும்போது பிஎம்டி என்ற பொருளாகிறது. இரண்டு ஹைட்ராக்சில் தொகுதிகள் கொண்ட அது அண்டை மூலக்கூறுகளை ஹைட்ரஜன் பிணைப்பால் பற்றிக்கொள்வதால் மெதுவாகவே ஆவியாகி, சில மணி நேரம் காக்கிறது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் பரிந்துரைக்கும் கொசு விரட்டிகளில் தாவர மூலத்தைக் கொண்ட இதுவும் ஒன்று. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு மட்டும் இது வேண்டாம் என்கிறது அந்த மையம். கடையில் சிறு சீசாக்களில் கிடைக்கும் சாதாரண யூகலிப்டஸ் தைலம் வேறு பொருள், அதில் பிஎம்டி கிடையாது. தாய்லாந்தில் மஞ்சள், சிட்ரோனெல்லா, நாய்த்துளசி ஆகியவற்றின் தைலங்களோடு வனிலா மணம் தரும் வனிலினை 5 விழுக்காடு சேர்த்து, ஆவியாதலைத் தாமதப்படுத்தி, ஆய்வுக்கூண்டுகளில் எட்டு மணி நேரம் வரை பாதுகாப்புப் பெற்றிருக்கிறார்கள். வீட்டில் எண்ணெய் கலப்பவர்கள் இந்த வழியைக் கவனிக்க வேண்டும்.

இனி சோப்பு. மேற்கு ஆப்பிரிக்காவின் புர்கினா பாசோவில் படித்துக்கொண்டிருந்த மொக்தார் தெம்பெலே, ஜெரார் நியோந்திகோ என்ற இரு மாணவர்கள், உள்ளூர் மூலிகைகளையும் ஷியா என்ற மரத்தின் கொட்டையிலிருந்து எடுக்கும் வெண்ணெயையும் கொண்டு கொசு விரட்டும் சோப்பு என்ற திட்டத்தை முன்வைத்து 2013இல் கலிபோர்னியாவில் ஓர் அனைத்துலகப் போட்டியில் வென்றார்கள். ஏழை வீட்டிலும் சோப்பு இருக்கும், ஆகவே மருந்து தனியாக வாங்க வேண்டியதில்லை என்ற அவர்களின் எண்ணம் மதிக்கத்தக்கது. ஆனால் சோப்பு என்பதன் வேலையே எண்ணெய்ப் பசையைப் பிடித்து நீரோடு அனுப்புவது. அதில் கலந்த தைலத்தின் பெரும்பகுதியும் அதே நீரில் போய்விடும். மேலும் காஸ்டிக் சோடா கொண்டு செய்த சோப்பு காரத்தன்மை உடையது. லெமன்கிராசில் உள்ள சிட்ரால் போன்ற ஆல்டிஹைடுகள் காரத்தில் எளிதில் உருமாறக்கூடியவை.

எஞ்சும் வாசனையும் நாம் நினைத்தபடி நடந்துகொள்வதில்லை. அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் 2023இல் வெளியிட்ட ஆய்வில் நான்கு தன்னார்வலர்கள் நான்கு வகைச் சோப்புகளால் கழுவிக்கொண்டார்கள். பின்னர் அவர்களின் தோல் வாசனை ஏடிஸ் கொசுக்களிடம் சோதிக்கப்பட்டது. நான்கு சோப்புகளிலும் முதன்மையாக இருந்தது கொசு விரட்டி என்று பெயர்பெற்ற லிமோனீன். ஆயினும் அவற்றில் மூன்று, கழுவியவர்களில் சிலரிடம் கொசுவின் ஈர்ப்பைக் கூட்டின. தேங்காய் மணமுள்ள ஒன்று மட்டும் ஈர்ப்பைக் குறைக்கும் பக்கம் சாய்ந்தது. ஒரே சோப்பு ஒருவரிடம் ஒரு விதமாகவும் மற்றவரிடம் வேறு விதமாகவும் வேலை செய்தது. ஏனென்றால் கொசு நுகர்வது சோப்பையும் தோலையும் சேர்த்து எழும் கலவையை. நால்வரைக் கொண்ட சிறிய ஆய்வு இது என்பதை மறக்கக் கூடாது. தேங்காய் மணத்துக்குத் துணையாக வேறொரு சான்றும் இருக்கிறது: தேங்காய் எண்ணெயிலிருந்து பிரித்தெடுத்த லாரிக், காப்ரிக், காப்ரிலிக் அமிலங்கள் இரத்தம் உறிஞ்சும் பூச்சிகளை நெடுநேரம் விலக்குவதை அமெரிக்க வேளாண்துறை ஆய்வாளர்கள் 2018இல் காட்டினார்கள். விலக்கியவை பிரிந்த நிலையில் உள்ள கொழுப்பு அமிலங்கள். எண்ணெயாக இருக்கும்போது அவை கிளிசராலோடு பிணைந்திருப்பதால் ஆவியாவதில்லை.

நொச்சிக்கு வருவோம். சென்னை மாநகராட்சி சில ஆண்டுகளுக்கு முன் நீர்வழிகளின் கரையில் வசிப்போருக்கு நொச்சிக் கன்றுகளை வழங்கியது நினைவிருக்கலாம். இத்தகைய மணமுள்ள இலைகளில் தைலம் நுண்ணிய சுரப்பி மயிர்களுக்குள் அடைபட்டிருக்கிறது. இலை கசங்கினாலோ சூடானாலோ அது வெளியேறும். தொட்டியில் சும்மா நிற்கும்போது வெளிவருவது மிகச் சிறிதளவே. அந்தச் சிறிதளவுக்கும் பயன் உண்டு என்று கென்யாவில் மாதிரிக் குடிசைகளில் நடத்திய சோதனை காட்டியது. நாய்த்துளசி, உண்ணிச்செடி ஆகியவற்றைத் தொட்டிகளில் உயிரோடு வைத்தபோது அனோபிலிஸ் கொசுவின் கடி மூன்றில் ஒரு பங்கு முதல் ஐந்தில் இரண்டு பங்கு வரை குறைந்தது. மூன்று கொசுக்களில் இரண்டு அப்போதும் கடிக்கின்றன என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். மாட்டுத் தொழுவத்தில் அந்தி நேரத்தில் நொச்சியும் வேப்பிலையும் போட்டு மூட்டம் போடும் நம் வழக்கம், சூட்டால் தைலத்தை வெளியேற்றுவதால், தொட்டியைவிட வலிய முறை. எனினும் மூடிய அறைக்குள் எந்தப் புகையும் வேண்டாம். ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடியும்போது வெளிவிடும் நுண்துகள்கள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003இல் அளந்திருக்கிறார்கள்.

இங்கே என் கருத்தொன்றைச் சொல்ல விரும்புகிறேன். கென்யாவில் செய்தது விலையுயர்ந்த ஆய்வு இல்லை. சில குடிசைகள், சில தொட்டிகள், பொறுமையாக எண்ணும் ஆட்கள். கன்றுகளை வழங்கச் செலவிடும் பணத்தில் ஒரு சிறு பங்கை, புதுச்சேரியில் 1975 முதல் இயங்கும் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் போன்ற நிறுவனங்களுக்கு ஒதுக்கி, நொச்சி இருக்கும் தெருவையும் இல்லாத தெருவையும் இரண்டு மூன்று மழைக்காலங்களுக்கு ஒப்பிட்டு அளக்கச் சொல்ல வேண்டும். பாட்டி சொன்னாள் என்பது ஆய்வைத் தொடங்க மிக நல்ல காரணம், அளக்காமல் விட்டுவிட அது காரணமாகாது. பூண்டு தின்றால் கொசு அண்டாது என்பதை அப்படி அளந்து பார்த்தார்கள், பலன் தெரியவில்லை. மீயொலிக் கருவிகளை அளந்தார்கள், கொசுக்கள் வழக்கம்போல் கடித்தன.

கடிதம் எழுதிய வாசகிக்கு: சோப்பை விருப்பம்போல் செய்யுங்கள், அதைக் குளிப்பதற்கு மட்டும் நம்புங்கள். லெமன்கிராஸ் தைலத்தைப் பயன்படுத்த வேண்டுமானால் குளித்த பின், நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குக்கு மிகாமல் தேங்காய் எண்ணெயில் கலந்து, முதலில் முன்கையில் சிறிதளவு தடவித் தோல் ஏற்கிறதா என்று பார்த்துவிட்டு, இருபது நிமிடத்துக்கு ஒரு முறை மீண்டும் பூச வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கு அது நடக்காது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் பகலில் கடிப்பதால், அவர்களுக்கு முழுக்கைச் சட்டையும், வயதுக்கு ஏற்றதென்று உறையில் குறிப்பிட்ட அளவில் டீட் அல்லது பிஎம்டி பூச்சும் பொருத்தமானவை. நொச்சித் தொட்டியை வையுங்கள். ஆனால் அடித்தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள், ஏடிஸ் முட்டையிட அந்தத் தட்டு போதும். வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால், முதல் சில நாள்கள் அவரைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள், ஏனெனில் அந்த நாள்களில்தான் அவரைக் கடிக்கும் கொசு வைரசை ஏற்றுக்கொண்டு அடுத்தவரிடம் கொண்டு செல்கிறது.