சக்கரத்தில் பூசும் மெழுகு எதைக் காக்கிறது?

காரைக் கழுவி நிறுத்திய ஒரு வாரத்துக்குள் முன்சக்கரங்கள் கறுத்துவிடுகின்றன. பின்சக்கரங்கள் ஏறக்குறைய பளிச்சென்றே இருக்கின்றன. நான்கும் ஓடியது ஒரே சாலையில்தான். அப்படியானால் அந்தக் கறுப்பில் சாலைப் புழுதியின் பங்கு சிறிதுதான். பெரும்பகுதி பிரேக்கிலிருந்து வருகிறது.

பிரேக்கை மிதித்ததும் வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்கிறது. நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்சக்கரங்களுக்கு. நம் ஊர்ச் சிறிய கார்கள் பலவற்றில் முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக். டிரம்மில் தேய்ந்து விழும் தூள் பெரும்பாலும் அதற்குள்ளேயே தங்கிவிடும். டிஸ்க்கோ திறந்தவெளியில் சுழல்கிறது. அதிலிருந்து கிளம்பும் தூள் நேராகச் சக்கரத்தின் ஆரக்கால்களில் போய்ப் படிகிறது. டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேட் மட்டும்தான் தேய்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. டிஸ்க் வார்ப்பிரும்பால் ஆனது. அதுவும் கூடவே தேய்கிறது. அதனால் அந்தத் தூளில் இரும்பு கணிசமாக இருக்கும்.

1,200 கிலோ எடையுள்ள கார் 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒரே மூச்சில் நின்றால், ஏறத்தாழ 460 கிலோஜூல் ஆற்றல் வெப்பமாகிறது. ஒன்றரை லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதிக்கும் பதத்துக்குக் கொண்டுவர அது போதும். இந்தச் சூட்டில் உதிரும் இரும்புத் துகள்கள், கண்ணுக்குத் தெரியாத நுண்ணளவில், சக்கரத்தின் மேல்பூச்சில் ஒட்டிப் பதிகின்றன. பிறகு ஈரம் பட்டுத் துருவாகின்றன. வெள்ளிநிறச் சக்கரத்தில் காணும் செம்மஞ்சள் புள்ளிகள் இவைதான். சக்கரம் துருப்பிடித்துவிட்டது என்று பலர் பதறுவார்கள். அலாய் வீல் அலுமினியத்தால் ஆனது; அலுமினியம் அப்படிச் சிவப்பாகத் துருப்பிடிக்காது. அது பிரேக்கிலிருந்து வந்த இரும்பின் துரு.

இந்தத் தூளை அரசுகளும் இப்போதுதான் கணக்கில் எடுக்கத் தொடங்கியிருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய யூரோ 7 விதி, பிரேக்கிலிருந்து காற்றில் கலக்கும் நுண்துகளுக்கும் வரம்பு வைத்தது. பெட்ரோல், டீசல் கார்களுக்குக் கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம். மின்சாரத்தில் மட்டும் ஓடும் கார்களுக்கு 3 மில்லிகிராம். அனுமதிக்கப்பட்ட அந்த 7 மில்லிகிராம்கூடப் பத்தாயிரம் கிலோமீட்டரில் 70 கிராம் ஆகிவிடும்.

சரி, இந்தத் தூள் எதன்மேல் விழுகிறது? பெரும்பாலான அலாய் வீல்கள், ஏறத்தாழ 7 சதவீதம் சிலிக்கானும் சிறிது மக்னீசியமும் கலந்த அலுமினியத்தில் வார்க்கப்படுகின்றன. அலுமினியம் காற்றுப் பட்டதும் தன்மேல் தானே ஓர் ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொள்ளும். தடிமன் சில நானோமீட்டர்தான். நல்ல காவல்தான், ஆனால் இரண்டு பலவீனங்கள் உண்டு. கடும் அமிலத்திலும் கடும் காரத்திலும் அது கரைந்துவிடும். உப்பிலுள்ள குளோரைடு அதைத் துளைத்து உள்ளே இறங்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி வண்டி நிறுத்துகிறவர்களுக்கு உப்புக்காற்றின் குணத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால்தான் தொழிற்சாலையிலேயே சக்கரத்துக்கு அடிப்பூச்சு, நிறப்பூச்சு, அதற்கு மேல் கிளியர் கோட் என்ற நிறமற்ற மேல்பூச்சு எல்லாம் போட்டு அனுப்புகிறார்கள். உலோகத்தைக் காப்பது இந்தக் கிளியர் கோட். நாம் கடையில் வாங்கிப் பூசும் மெழுகின் வேலை, அந்தக் கிளியர் கோட்டைக் காப்பது. இந்தப் பங்கீடு புரியாததால்தான் மெழுகிடம் அளவுக்கு மீறி எதிர்பார்க்கிறோம்.

கார் மெழுகுகளில் பேர்பெற்றது கார்னோபா. வடகிழக்கு பிரேசிலில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து எடுக்கிறார்கள்; கடும் வெயிலில் ஓலை வறண்டுபோகாமல் இருக்க மரமே சுரக்கும் மெழுகு அது. தேன்மெழுகு 62 முதல் 64 பாகை செல்சியஸில் உருகிவிடும்; கார்னோபா 82 பாகை வரை தாங்கும். அதன் மூலக்கூறுகள் நீண்ட கொழுப்புச் சங்கிலிகள். தண்ணீருக்கு அவற்றோடு ஒட்டு இல்லை. மெழுகு பூசிய பரப்பில் விழும் நீர் பரவுவதைவிடத் தனக்குள் சுருண்டு திரள்வதையே நாடுகிறது. துளியின் விளிம்பு பரப்பைத் தொடும் கோணம் 90 பாகையைத் தாண்டினால் அந்தப் பரப்பு நீரை விலக்குகிறது என்று பொருள்.

தாமரை இலைத் தண்ணீரை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. ஆனால் தாமரை இலைக்கு மெழுகு மட்டும் போதவில்லை. ஜெர்மானியத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட் 1997இல் விளக்கியதுபோல, இலைமேல் நுண்ணிய மேடுகளும் அவற்றின்மேல் மெழுகுப் படிகங்களும் இருக்கின்றன. துளி அந்த மேடுகளின் நுனியில் மட்டும் நின்று, கோணம் 150 பாகைக்கு மேல் போகிறது. வழவழப்பான பரப்பில் எதைப் பூசினாலும் 120 பாகையைத் தாண்டுவது அரிது. சக்கரம் வழவழப்பானது. ஆகவே தண்ணீர் ஊற்றினாலே அழுக்கெல்லாம் உருண்டோடும் என்ற விளம்பரத்தைப் பாதி தள்ளிக் கேட்க வேண்டும்.

நீர் முத்து முத்தாக நிற்பதைப் படமெடுத்து மகிழ்கிறவர்களுக்கு இன்னொரு செய்தி: ஆழ்துளைக் கிணற்று நீரின் முத்துக்கள் அப்படியே உலர்ந்தால், ஒவ்வொன்றின் கீழும் ஒரு சுண்ணாம்பு வட்டம் மிஞ்சும். கழுவியதும் துடைத்துவிட வேண்டும்.

கதவுகளுக்கும் பானெட்டுக்கும் மெழுகு நன்றாகப் பொருந்தும். சக்கரத்தில் அதன் ஆயுள் குறைவு. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மிதித்தபடி இறங்கும் வண்டியில், டிஸ்க்கை ஒட்டிய சக்கரமும் சூடேறும். கரைப்பான்களும் எண்ணெயும் கலந்த டப்பா மெழுகு, தூய கார்னோபாவைவிட முன்னதாகவே இளகும். இளகிய மெழுகு தூளை விலக்குவதற்குப் பதில் பிடித்துவைத்துக்கொள்ளும்.

மெழுகுக்குப் பதிலாகப் பூசும் செயற்கை சீலன்ட்கள் இங்கே கைகொடுக்கின்றன. அவற்றில் பல சிலிக்கான்–ஆக்சிஜன் முதுகெலும்பு கொண்ட பாலிமர்கள். வெப்பத்தை மெழுகைவிட நன்றாகத் தாங்கும். அவற்றின் சில முனைகள் கிளியர் கோட்டைப் பற்றிக்கொள்ள, எஞ்சிய பகுதி வெளிப்புறம் திரும்பி நீரையும் தூளையும் விலக்குகிறது. செராமிக் பூச்சு என்று விற்பது இதே வழியில் இன்னும் ஒரு படி. காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து, கண்ணாடியைப் போன்ற சிலிக்கா வலையாக இறுகுகிறது. அதன் மீது போடும் ‘9எச்’ என்ற எண் பென்சில் கடினத்தன்மை அளவு மட்டுமே. வைரத்துக்கு அடுத்த இடம் என்று எண்ணிவிட வேண்டாம். டெஃப்ளான் கோட்டிங் வேறு கதை. வாணலியில் டெஃப்ளானை உருகுநிலையான 327 பாகைக்கு மேல் சுட்டுத்தான் ஒட்டவைக்கிறார்கள். பாலிஷோடு கலந்து துணியால் தேய்த்தால் அப்படி ஒட்டாது.

எதைப் பூசினாலும் கிடைக்கும் உண்மையான பலன் ஒன்றுதான்: தூளின் பிடி தளர்கிறது. மென்மையான ஷாம்பூவும் ஒரு தூரிகையும் போதுமானதாகிவிடுகிறது. பிடி இறுகிய கறுப்பைத்தான் சில வாட்டர் வாஷ் கடைகளில் அமிலம் தெளித்துச் சில நொடிகளில் வெளுக்கவைக்கிறார்கள். அந்த அமிலத்தில் ஃபுளோரைடு இருந்தால், மேல்பூச்சின் விரிசல் வழியே இறங்கி அலுமினியத்தையே அரிக்கும். கழுவுகிறவரின் கைக்கும் அது பேராபத்து. சீலன்ட் போட்ட சக்கரம் அந்த அமிலத்தின் பக்கமே போக வேண்டியதில்லை. பூச்சின் காவலில் பெரும்பகுதி இப்படி மறைமுகமானது.

பூசுவதற்கு முன் ஏற்கெனவே பதிந்த இரும்பை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் துருவுக்கு மூடி போட்டதாகிவிடும். இதற்கான திரவங்களில் இருப்பது தயோகிளைக்கோலேட் என்ற உப்பு. இரும்போடு சேர்ந்து ஊதாநிறச் சேர்மமாகி நீரில் கரைந்துவிடும். தெளித்த ஓரிரு நிமிடத்தில் சக்கரமே ரத்தம் கசிவதுபோல் தோன்றும். நாற்றமும் மூக்கைத் துளைக்கும். கூந்தலைச் சுருளவைக்கும் அழகுநிலையத் திரவத்திலும் இதே குடும்பத்துச் சேர்மம்தான், நாற்றம் பழக்கமானதாகத் தோன்றினால் காரணம் அதுவே. பிறகு கழுவி, நன்றாக உலரவைத்து, சக்கரம் முழுக்க ஆறியபின் மெல்லிய பூச்சு. தடிமனாக அப்பினால் கூடுதல் பலன் இல்லை. சக்கரத்தின் உட்புறத்துக்கும் பூச வேண்டும். அதிகத் தூள் சேரும் இடம் அதுதான், சக்கரத்தைக் கழற்றும்போது மட்டுமே நன்றாகக் கை எட்டும்.

கல் தெறித்துக் கிளியர் கோட்டில் ஒரு பொட்டு பெயர்ந்துவிட்டால் எந்த மெழுகும் உதவாது. அங்கே நுழையும் உப்பும் ஈரமும் பூச்சுக்கு அடியில் வெள்ளைப் புழு நெளிந்ததுபோல் கோடு கோடாக முன்னேறும். கோட்டின் தலைப்பகுதி ஆக்சிஜன் குறைந்து அமிலமாகி அலுமினியத்தைத் தின்னும். வால்பகுதியில் வெண்ணிற அலுமினிய ஹைட்ராக்சைடு மிஞ்சும். முகப்பைக் கடைசல் இயந்திரத்தில் சீவி மின்னவைத்த ‘டயமண்ட் கட்’ சக்கரங்களில் இது சுலபமாகத் தொடங்கும், கூரான விளிம்புகளில் கிளியர் கோட் மெலிதாகவே நிற்பதால். பேலன்சிங் செய்யும்போது விளிம்பில் அடித்துச் செருகும் ஈய எடையும் அதேபோல் ஒரு வாசலைத் திறந்துவிடும். ஒட்டும் வகை எடையைக் கேட்டு வாங்குவது நல்லது. வெள்ளைக் கோடு தென்பட்ட பிறகு பூச்சை முழுக்க உரித்து மறுபடி பெயின்ட் அடிப்பதே வழி. டயமண்ட் கட் என்றால் மீண்டும் சீவ வேண்டும், ஒவ்வொரு சீவலிலும் உலோகம் குறையும். சில முறைக்கு மேல் அதற்கும் சக்கரத்தில் சதை இருக்காது.