பைக்கில் போகிறவருக்கு ஒரு மலிவான மாஸ்க்

தினமும் கிண்டியிலிருந்து மதுரவாயல் வரை பைக்கில் போய்வருகிறவர் நூறு ரூபாய்க்குள் வாங்கக்கூடிய மாஸ்க் ஒன்றை வடிவமைக்க வேண்டும், அதுதான் எனக்கு வந்த வேலை. சுலபம் என்று நினைத்தேன்.

முதல் மாதிரி பார்க்க நன்றாகவே இருந்தது. இரண்டு அடுக்கு பருத்தித் துணி, நடுவில் ஒரு பை, அதற்குள் மாற்றிக்கொள்ளும் ஃபில்டர் தாள். ஆனால் துகள் எண்ணும் கருவியின் குழாயை மாஸ்க்குக்குள் விட்டுப் பார்த்தால், உள்ளே இருக்கும் காற்றுக்கும் வெளியே இருக்கும் காற்றுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. தாள் நல்ல தாள்தான், தனியாகச் சோதித்தபோது தேறியது. காற்று அதன் வழியாகப் போனால்தானே! பைக்குள் தாளின் விளிம்பைச் சுற்றிக்கொண்டும், மூக்குக்கு இரண்டு பக்கமும் உள்ள பள்ளம் வழியாகவும் அது பாட்டுக்கு உள்ளே வந்துகொண்டிருந்தது.

சரி, இன்னொரு அடுக்கு வைப்போம் என்றுதான் எல்லாருக்கும் தோன்றும், எனக்கும் தோன்றியது, அதனால் இன்னும் மோசமானது. தாள் தடிக்கத் தடிக்க அதன் வழியே மூச்சிழுப்பது கஷ்டம், இடைவெளி வழியே இழுப்பது சுலபம், காற்று எப்போதும் சுலபமான வழியில்தான் வரும். ஃபில்டர் நூற்றுக்கு 99 துகளைப் பிடித்தாலும், மூச்சில் பத்தில் ஒரு பங்கு ஓரமாக நுழைந்துவிட்டால் மொத்தக் கணக்கு 90-க்குக் கீழே போய்விடும்.

ஃபில்டர் என்றால் சல்லடை என்று நினைக்கிறோம், அது சல்லடையே இல்லை. மெல்ட்ப்ளோன் பாலிபுரோப்பிலீன் (உருக்கி ஊதி எடுத்த மெல்லிய பிளாஸ்டிக்) இழைகளில் நிலைமின்னூட்டம் ஏற்றியிருப்பார்கள், துகள்களை இழுத்து ஒட்டவைப்பதில் பெரும்பங்கு அதற்குத்தான். பிடிக்கக் கடினமானது 0.3 மைக்ரானும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அதற்குச் சற்றுக் கீழேயும் உள்ள துகள், அதைவிடப் பெரியதும் மிகச் சிறியதும் இன்னும் சுலபமாக மாட்டிக்கொள்ளும். அதனால்தான் என்95 மாஸ்க்குக்கான சோதனையே அந்த அளவை ஒட்டி நடக்கிறது. நல்ல மாஸ்க்கை சோப்பு போட்டு அலசிக் கொடியில் காயப்போடுகிறவர்கள் அந்த மின்னூட்டத்தையும் சேர்த்துத்தான் அலசிவிடுகிறார்கள். சிக்னலில் விற்கும் கறுப்பு ஸ்பாஞ்ச் மாஸ்க்கை எத்தனை முறை வேண்டுமானாலும் துவைக்கலாம், அதில் இழப்பதற்கு ஒன்றும் இல்லை.

அப்புறம் ஹெல்மெட். சோதனைக்குப் போட்டுப் பார்த்த டெலிவரி தம்பி ஒருவர், "அண்ணா, ஹெல்மெட்டைக் கழட்டினா மாஸ்க்கும் கூடவே வந்துடுது" என்றார். காதில் மாட்டும் ரப்பரில் இறுக்கமும் போதவில்லை. அதை எடுத்துவிட்டு, தலைக்குப் பின்னால் ஒன்று, கழுத்துக்குப் பின்னால் ஒன்று என இரண்டு பட்டை வைத்தோம். பருத்திப் பையைத் தூக்கிப் போட்டோம், ஃபில்டரையே மாஸ்க்காக மடித்து ஓரத்தை வெப்பத்தால் ஒட்டினோம். மூக்குக்கு அகலமான அலுமினியப் பட்டை. மிச்சமான காசு எல்லாம் ஓரத்துக்குத்தான் போனது.

"சென்னை என்ன டெல்லியா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு கன மீட்டர் காற்றில் பி.எம். 2.5 துகள் (2.5 மைக்ரானும் அதற்குக் குறைவாகவும் உள்ள நுண்துகள்) ஒரு நாள் சராசரியாக 60 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்கிறது நம் நாட்டு வரம்பு. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது 15. காற்றின் தரம் சொல்லும் செயலியில் 'திருப்திகரம்' என்று காட்டும் நாளிலும் அந்த 15-ஐப் போல நான்கு மடங்கு வரை இருக்கலாம்.

கடையில் வாங்கும்போது ஐ.எஸ். 9473 (துகள் தடுக்கும் மாஸ்க்குக்கான இந்தியத் தர எண்) என்று அச்சிட்டிருக்கிறதா, எஃப்.எஃப்.பி.2 (அதில் ஒரு தர வகை) என்று இருக்கிறதா பாருங்கள். போட்டுக்கொண்டு இரண்டு கையாலும் பொத்தி ஊதிப் பாருங்கள், கண் பக்கம் காற்று அடித்தால் மூக்குப் பட்டையை இன்னும் அழுத்த வேண்டும். வண்டிப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடை இது எதுவும் தடுக்காது, துகளுக்கு மட்டும்தான்.

தாடி வைத்தவர்களுக்கு என்னிடம் இன்னும் வழி இல்லை. முடிக்கும் தோலுக்கும் நடுவே காற்று புகுந்துவிடுகிறது, மூன்று மாதிரி செய்து பார்த்தும் சரிவரவில்லை. அந்த டெலிவரி தம்பியும் தாடிக்காரர்தான்.