ரோல்ஸ் வேறு, கோழி வேறு

வியாழக்கிழமை காலை எங்கள் பணிமனைக்கு வந்தவர் நாற்காலியில் அமரக்கூட இல்லை. "அந்தக் கொத்துரொட்டிக் கடைக்கு இன்றைக்கே சீல் வையுங்கள், ஐயா. வீட்டில் நாலு பேர் வயிற்றோட்டமும் காய்ச்சலுமாகக் கிடக்கிறார்கள்" என்றார்.

கடைக்குப் போகுமுன் உப்புவெளிப் பக்கம் இருக்கும் அவருடைய வீட்டுக்குப் போனேன். பொதுச் சுகாதாரப் பரிசோதகராகத் திருகோணமலைத் தெருக்களில் அலைந்ததில் ஒன்று தெரியும்: வயிறு கெட்டால் எல்லாரும் கடைசியாக வெளியில் சாப்பிட்டதைத்தான் குற்றம் சொல்வார்கள். கோழியில் வரும் கம்பைலோபக்டர் கிருமி ஆளை வீழ்த்தப் பெரும்பாலும் 2 முதல் 5 நாள் எடுக்கும். சல்மொனெல்லா என்ற இன்னொரு கிருமி 6 மணி நேரத்திலும் பிடிக்கலாம், 6 நாள் கழித்தும் பிடிக்கலாம். செவ்வாய் இரவு வந்த கொத்தை வாயில் வைக்காத மூன்று வயதுப் பேரனும் சுருண்டு படுத்திருந்தான். கொத்துச் சாப்பிட்ட இருவர் நன்றாக நடமாடினார்கள். ஞாயிற்றுக்கிழமை என்ன சமைத்தீர்கள் என்று கேட்டேன். பிறந்தநாளாம். ரஸ்க் தூளில் புரட்டிய மொறுமொறு கோழி.

இந்த மாதத்தில் இது மூன்றாவது வீடு.

குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு தொடைத் துண்டுகள் மிச்சம் இருந்தன. ஒன்றை எலும்புவரை வெட்டினேன். வெளியே விளம்பரப் படத்தில் வருவதுபோல அழகான ஓடு. ஒரு விரற்கடை உள்ளே போனதும் சதை கண்ணாடிபோல மினுங்கியது. நார் பிரியாமல் கத்தியோடு இழுபட்டது. சிவந்த நீர் கசிந்து கோப்பையில் தேங்கியது. ஆய்வுகூட முடிவு வரும்வரை எதற்கும் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அந்தத் துண்டு வேகவில்லை என்று சொல்ல ஆய்வுகூடம் தேவையில்லை.

"தம்பி, பொன்னிறமாக வந்த பிறகுதானே எடுத்தேன்" என்றார் அந்த அம்மா.

இந்தப் பொன்னிறத்தோடுதான் என் சண்டை. நம் அம்மாமார் கட்லட்டும் ரோல்ஸும் பொரித்துப் பழகியவர்கள். அவற்றின் உள்ளே இருக்கும் மீனும் கிழங்கும் முன்பே வெந்தவை. எண்ணெய்க்குள் போவது மேல்தோல் மொறுமொறுப்பதற்காக மட்டுமே. அங்கே பொன்னிறம் வந்ததும் எடுப்பது முற்றிலும் சரி. அதே கையோடு அதே தூளில் பச்சைக் கோழியைப் புரட்டி, அதே நிறத்துக்குக் காத்திருக்கிறோம். ரஸ்க் என்பது ஏற்கெனவே சுட்ட பாணை மீண்டும் சுட்டு எடுத்தது. பாதி நிறத்தோடுதான் அது தாச்சிக்குள் இறங்குகிறது. எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தால் இரண்டு மூன்று நிமிடத்தில் சிவந்துவிடும். எலும்புள்ள தொடைக்குப் பன்னிரண்டு, பதினைந்து நிமிடமாவது வேண்டும். நிறத்தைப் பார்த்து ரஸ்க் பொரிந்துவிட்டது என்று சொல்லலாம். உள்ளே இருக்கும் கோழியைப் பற்றி அந்த நிறத்துக்கு என்ன தெரியும்?

வெட்டிப் பார்த்தால் தெரியுமே என்பீர்கள். பார்க்கத்தான் வேண்டும், ஆனால் அதுவும் முழுச் சாட்சி ஆகாது. இளம் புரொய்லர் கோழியில் நன்றாக வெந்த பிறகும் எலும்போரம் சிவப்பு இருப்பதுண்டு. வெளுத்த சதை போதிய சூடு ஏறாமலும் இருக்கலாம். உணவுக்குள் குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று வாங்குங்கள். சதையின் தடித்த இடத்தில், எலும்பில் முட்டாமல் குத்தினால் 74 பாகை செல்சியஸ் காட்ட வேண்டும். பிறந்தநாள் கேக்குக்குச் செலவழிக்கிறீர்கள், இதற்குச் செலவழிக்க மாட்டீர்களா?

வெப்பமானி இல்லையா, எலும்புத் துண்டை விடுங்கள். எலும்பில்லாத நெஞ்சிறைச்சியை ஒரு சென்ரிமீற்றர் தடிப்பில் வெட்டி, ஈரம் ஒற்றி, கோதுமை மா, முட்டை, ரஸ்க் என்று புரட்டி மிதமான தீயில் பொரியுங்கள். தூளின் துணுக்கு ஒன்றைப் போட்டதும் கருகினால் எண்ணெய் சூடு அதிகம். தாச்சி நிறையத் துண்டுகளை அடைக்க வேண்டாம். தொடைதான் வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால் உப்பும் மிளகும் போட்டு முழுதாக அவித்து, ஆறவைத்து, பிறகு புரட்டிப் பொரியுங்கள். அப்போது அது ரோல்ஸ் மாதிரித்தான். பொன்னிறம் வந்ததும் தாராளமாக எடுக்கலாம். மொறுமொறுப்பும் குறையாது.

உறைந்த கோழியைக் காலையில் குசினி மேசையில் போட்டுவிட்டு வேலைக்குப் போகாதீர்கள். கச்சான் என்னும் வெப்பக் காற்று வீசும் நாளில் வெளிச்சதை சூடேறிக் கிருமி பெருகும்போது நடுவில் இன்னும் ஐஸ் இருக்கும். முதல் நாள் இரவே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில், நீர் சிந்தாத பாத்திரத்தில் வையுங்கள். மஞ்சளும் தேசிக்காயும் வாடையைப் போக்கும். கிருமியைக் கொல்ல அவற்றை நம்ப வேண்டாம்.

இனி அந்த வீட்டில் என்னை உண்மையிலேயே அதிரவைத்தது: ரஸ்க் தூள் வைத்திருந்த பேணி. பச்சைக் கோழியும் முட்டையும் தொட்ட கையோடு புரட்டி மிஞ்சிய ரஸ்க் தூளை, வீணாகக் கூடாதென்று திரும்பப் பேணியில் கொட்டியிருந்தார்கள். திறந்தால் ஈரம் பட்டு இறுகிய சிறு உருண்டைகள் தூளோடு கிடந்தன. சிக்கனத்தை மதிக்கிறேன், அம்மா. ஆனால் தேவையான அளவை வேறு கோப்பையில் எடுங்கள், மிஞ்சியதைக் குப்பையில் போடுங்கள். பச்சைக் கோழி வைத்த தட்டிலேயே பொரித்ததை அடுக்குவதையும் கெஞ்சிக் கேட்கிறேன், விட்டுவிடுங்கள்.

யாருக்காவது வயிறு கெட்டுவிட்டால் ஜீவனி என்னும் உப்புச்சர்க்கரைத் தூளைப் பொதியில் எழுதியுள்ள அளவு நீரில் கரைத்துக் கொடுங்கள். காய்ச்சலோ மலத்தில் இரத்தமோ இருந்தால், வயிற்றோட்டத்தை நிறுத்தும் மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்காமல் வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். குழந்தை, முதியவர், கர்ப்பிணி என்றால் காத்திருக்கவே வேண்டாம். மிச்ச உணவைக் கொட்டிவிடாமல் மூடித் தனியாகக் குளிரில் வைத்திருங்கள், எங்களுக்கு அது தேவைப்படும். மலமாதிரி கேட்டால் வெட்கப்படாமல் கொடுங்கள். அந்த வீட்டில் அதற்கே அரை மணி நேரம் மன்றாடினேன்.