கூறை ஏன் மின்னுகிறது, ஏன் கறுக்கிறது?

கூறை எடுக்கத் திருகோணமலைப் புடவைக் கடைக்குப் போகும் மாப்பிள்ளை வீட்டார், விலை கேட்பதற்கு முன்பே முந்தானையை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். திருப்பத் திருப்ப மினுக்கம் இடம் மாறும். மணவறையில் பெண்ணுக்குக் கொடுத்து, அவள் மாற்றிக்கொண்டு வந்தபின் தாலி ஏறும் சேலை அல்லவா, பார்க்கத்தான் வேண்டும். இங்கே கூறையாக எடுப்பது அநேகமாகக் காஞ்சிபுரப் பட்டுத்தான்.

ஒரு பட்டுக்கூட்டில் இருப்பது ஒரே இழை, நீளம் ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர். உண்மையில் அது இரண்டு இழை: ஃபைப்ரோயின் என்ற புரதம் இரண்டு புரியாக ஓட, செரிசின் என்ற பசை அவற்றை ஒட்டி வைத்திருக்கும். இன்னும் அவிக்காத பட்டின் எடையில் கால்வாசி இந்தப் பசைதான். சவர்க்கார நீரில் அவித்தால் அது கரைந்துபோகும். அதற்குப் பிறகுதான் பட்டுக்கு மெருகு. பசை போன இழையைக் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால், முனை மழுங்கிய முக்கோணமாகத் தெரியும். அந்தத் தட்டைப் பக்கங்கள் ஒளியைக் குறிப்பிட்ட திசையில் திருப்பி அனுப்புகின்றன. பருத்தி இழையோ முறுக்கிக்கொண்டு கிடப்பதால் ஒளியைச் சிதறடித்துவிடும்.

மயில்கழுத்து நிறம் வேறு கதை. நீளவாக்கில் ஓடும் பாவு நூல் ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடை நூல் இன்னொரு நிறம். பார்க்கும் கோணத்துக்கு ஏற்ப ஒன்று முந்தும், மற்றது பின்வாங்கும். சாயத்தில் எந்த மாயமும் இல்லை.

உடலும் கரையும் வேறு வேறு நிறமாக இருந்தால் அது கோர்வை. ஊடை நூலைக் குறுக்கே கொண்டு ஓடும் கட்டைதான் நாடா. இரண்டு கரைக்கும் ஒவ்வொரு நாடா, உடலுக்குத் தனி நாடா என்று மூன்று நாடா ஓடும். ஒவ்வொரு வரியிலும் இரு நிற ஊடையும் ஒன்றையொன்று கொளுவிக்கொள்ளும். ஒருவர் கை போதாது, தறியில் உதவிக்கு இன்னொருவர் வேண்டும். விலையில் பாதி நியாயம் இந்த வேலைக்குத்தான் என்பேன்.

சரி, சரிகை? பட்டு நூலில் தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுற்றி, மேலே பொன் முலாம் பூசினால் அதுதான் அசல் சரிகை. முலாம் மிக மெல்லியது. அது தேய்ந்த இடத்தில், காற்றில் கொஞ்சமாக இருக்கும் ஐதரசன் சல்பைட்டு என்ற வாயு வெள்ளியோடு சேர்ந்து கரிய வெள்ளிச் சல்பைட்டாக மாறும். ஈரம் இதை விரைவுபடுத்தும். நம்முடைய பட்டணத்திலோ எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல். கறுத்துவிட்டதே, ஏமாற்றிவிட்டானே என்று கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் இதையும் யோசிக்கலாம்.

கறுப்பைவிட மோசமானது மடிப்புக் கிழிசல். வியர்வை உப்பும் வெயிலும் பட்டுப் புரதத்தை மெல்ல மெல்ல அறுக்கும். வருடக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடந்தால், வளைந்து நலிந்த இழையைப் பக்கத்திலிருக்கும் சரிகைக் கம்பியும் உராயும். ஆகவே உடுத்த சேலையை நிழலில் காயவிட்டு, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி அலுமாரியில் வையுங்கள். சில மாதத்துக்கு ஒருமுறை எடுத்து மடிப்பை மாற்றுங்கள். பூச்சி உருண்டை சரிகையில் படக்கூடாது. கடையில் தந்த பொலித்தீன் பையை அன்றைக்கே கழற்றிவிடுங்கள். அது ஈரத்தை உள்ளேயே அடைத்து வைக்கும்.