வாழும் ஊதியமா, வாழ்வூதியமா?

"சில்லறை வேலைகளில் உள்ள திறனற்ற தொழிலாளர்களுக்கு வாழும் ஊதியம் தேவையா?" ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்ப்பவர்கள் கிட்டத்தட்ட இப்படித்தான் இப்போதெல்லாம் தலைப்பு வைக்கிறார்கள். ஒரே வரியில் மூன்று கோளாறு. சில்லறை வணிகம் என்றால் புரிகிறது. சில்லறை வேலை என்றால் தமிழில் அர்த்தமே வேறு, வீட்டில் பெரியவர்கள் திட்டும்போது சொல்வது. திறனற்ற என்பதற்கு அப்புறம் வருகிறேன். என் முதல் சண்டை 'வாழும் ஊதியம்' என்பதோடு.

ஆங்கிலத்தில் 'லிவிங் வேஜ்' என்பதுதான் மூலம். ஒருவர் முழு நேரம் உழைத்து வாங்குகிற பணத்தில் அவரும் அவரை நம்பியிருப்பவர்களும் சாப்பாடு, வாடகை, துணிமணி, பிள்ளைகள் படிப்பு, வைத்தியம் எல்லாம் பார்த்து, ஆத்திர அவசரத்துக்குக் கொஞ்சம் மிச்சமும் பிடிக்க முடிய வேண்டும் என்பது அதன் பொருள். கூலி ஓர் ஆளுக்கு மட்டும் போதாது, குடும்பத்தை வளர்க்கவும் வேண்டும் என்று ஆடம் ஸ்மித் 1776-லேயே எழுதிவிட்டார். 1907-இல் ஆஸ்திரேலிய நீதிபதி ஹிக்கின்ஸ், அறுவடை இயந்திரம் செய்யும் ஆலை ஒன்றின் வழக்கில், தொழில் பயிலாத சாதாரணக் கூலியாளுக்கே வாரம் 42 ஷில்லிங் வேண்டும் என்றார். மனைவியையும் பிள்ளைகளையும் சேர்த்துப் போட்ட கணக்கு அது.

தமிழ்ப் பக்கம் ஊதியம் பழைய சொல். 'அதுவல்லது ஊதியம் இல்லை உயிர்க்கு' என்ற குறளில் அதற்கு ஆதாயம் என்று பொருள். சம்பளம் என்ற பொருள் பின்னால் ஒட்டியது. கூலியும் வள்ளுவரிடம் இருக்கிறது, 'மெய்வருத்தக் கூலி தரும்'. சம்பா நெல்லும் உப்பளமும் சேர்ந்து சம்பளம் ஆனது என்ற கதை அழகாக இருக்கிறது. வழிச்செலவுக்கான பொருளைக் குறிக்கும் சம்பல என்ற வடசொல்லை வைத்துக்கொண்டு அதை அப்படியே நம்ப எனக்கு மனம் வரவில்லை. சரி, விஷயத்துக்கு வருவோம்.

'வாழும் ஊதியம்' என்பதற்கு வக்காலத்து வாங்குபவர்கள் 'குளிக்கும் அறை', 'எழுதும் பேனா' என்று காட்டுவார்கள். அறையா குளிக்கிறது, அதுபோலத்தானே இதுவும் என்பார்கள். இலக்கணம் இடம் கொடுக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காது இடம் கொடுக்கவில்லையே. வாழும் தெய்வம், வாழும் வள்ளுவர் என்று சுவரொட்டி சுவரொட்டியாகப் பார்த்துப் பழகியவர்கள் நாம். 'வாழும்' என்று வந்தால், அடுத்து வருவது உயிரோடு இருக்கிறது என்றுதான் படிக்கிறோம். அப்படிப் பார்த்தால் ஊதியம் நன்றாகத்தான் வாழ்கிறது, வாங்குகிறவர்தான் திண்டாடுகிறார்.

இதைவிட ஆபத்தானது 'வாழ்வாதார ஊதியம்'. பார்க்க ஒழுங்காக இருப்பதால் யாரும் சந்தேகப்படுவதில்லை. ஆட்டுக்குட்டிக் கடன் முதல் தையல் இயந்திரம் வரை எல்லாத் திட்டத்துக்கும் வாழ்வாதாரம் என்று பெயர் வைத்துத் தேய்த்தாகிவிட்டது. சம்பளக்காரருக்கு ஊதியமேதான் வாழ்வாதாரம். பிறகு அது என்ன வாழ்வாதார ஊதியம்? தவிர, ஆதாரம் என்றதுமே அடிமட்டத்துக்கு இறங்கிவிடுகிறோம். உயிரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் அளவுக்குக் கிடைத்தால் அதற்குத் தமிழில் பிழைப்பு என்று பெயர். 'ஏதோ பிழைப்பு ஓடுது' என்கிறவர் வாழ்வதாகச் சொல்லவில்லை.

சிலர் வம்பே வேண்டாமென்று 'குறைந்தபட்ச ஊதியம்' என்றே போட்டுவிடுகிறார்கள். இதைத்தான் மன்னிக்க முடியாது. இந்திய அரசு 1948-இல் அமைத்த நியாய ஊதியக் குழு மூன்று படி வைத்தது. கீழே குறைந்தபட்ச ஊதியம், நடுவில் நியாய ஊதியம், மேலே இந்த லிவிங் வேஜ். மேல்படிக்கும் கீழ்ப்படிக்கும் ஒரே பெயர் வைத்தால் ஏணி எதற்கு? நம் அரசியலமைப்பின் 43-ஆம் பிரிவு அரசை எட்டச் சொல்வது மேல்படியை. பிரிட்டன் அரசே இந்தக் குழப்பத்தைத் தெரிந்து செய்தது. 2016 ஏப்ரலில் 25 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கான சட்டபூர்வக் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 7.20 பவுண்டாக்கி, அதற்கு லிவிங் வேஜ் என்றே பெயர் சூட்டியது. செலவுகளைக் கூட்டிப் பார்த்து உண்மையான லிவிங் வேஜை அறிவித்துவந்த தன்னார்வ அமைப்பின் கணக்கு, லண்டனுக்கு வெளியே அப்போது 8.25.

நம் ஊரில் கீழ்ப்படிகூட ஓர் ஆளுக்கான கணக்கு இல்லை. 1957-இல் இந்தியத் தொழிலாளர் மாநாடு குறைந்தபட்ச ஊதியத்துக்கு வகுத்த முறையில், செலவுக் கணக்கில் உழைப்பவருக்கு 1 பங்கு, வாழ்க்கைத்துணைக்கு 0.8, இரண்டு பிள்ளைகளுக்குத் தலா 0.6, ஆக மூன்று பங்கு. துணி நாலு பேருக்கு வருஷத்துக்கு 72 கஜம். அதனால் ஜவுளிக்கடையில் நிற்கும் பெண்ணின் சம்பளத்தில் குடும்பம் ஓட வேண்டுமா என்ற கேள்வி ஒன்றும் புதுசில்லை, காகிதத்தில் எப்போதோ பதில் எழுதியாகிவிட்டது. 'கல்யாணம் ஆகும்வரை வருகிற பிள்ளைகள்தானே, கைச்செலவுக்குப் போதும்' என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். கடை கொடுக்காத மீதியை ரேஷன் அரிசியும் ஊரிலிருக்கும் பெற்றோரும் அடகுக்கடையும் ஈடுகட்டுகின்றன என்பதுதான் அதற்கு அர்த்தம்.

அப்படியானால் 'குடும்ப ஊதியம்' என்றே சொல்லலாமே என்றார் ஒரு நண்பர். வேண்டாம். அந்தச் சொல்லில் குடும்பத் தலைவர் என்று ஓர் ஆண் வந்து உட்கார்ந்துகொள்கிறார். அதே ஹிக்கின்ஸ் 1919-இல் பெண்களுக்கு ஆண் கூலியில் பாதிக்குச் சற்று மேல்தான் கொடுத்தார். நான் சொல்வது இது: வாழ்வு + ஊதியம் = வாழ்வூதியம். முடிந்தது. ஓய்வூதியத்தோடு குழம்பும் என்கிறார்கள். குழம்பாது, இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை என்பதால் கேட்டவுடன் பிடிபடும்.

இப்போது 'திறனற்ற'. பட்டுப்புடவைப் பிரிவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். முந்தியை விரித்துக் காட்டி, கரை தனியாகக் கோத்ததா இல்லையா என்று சொல்லி, வந்தவரின் கையிருப்பை முகத்தை வைத்தே கணித்து, கடைசியில் நாற்பது புடவையையும் பழைய மடிப்பிலேயே சரிகை ஒடியாதபடி மாற்றி மடித்து அடுக்குகிறார் அந்தப் பெண். அதுவும் நின்றுகொண்டே. உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் கடைகள் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. அவரைத் திறனற்றவர் என்று எழுத மொழிபெயர்ப்பாளருக்கு எப்படிக் கை வருகிறது? 'அன்ஸ்கில்ட்' என்ற ஆங்கில மூலச்சொல் வேலைக்கு முன்பே பெற்றிருக்க வேண்டிய பயிற்சியைப் பற்றியது, ஆளின் தகுதியைப் பற்றியது இல்லை. 'முன்பயிற்சி கேட்காத வேலை' என்று எழுதலாம். இரண்டு சொல் கூடுதலாகும், பத்தியில் அதற்கு இடம் இருக்கிறது.